இலங்கைக் கற்கள் இரண்டும் காமா நிறமாலை பிறந்த கதையும்

1789 ஆம் ஆண்டு பெர்லின் நகரத்து மருந்தாளர் மார்ட்டின் கிளாப்ரோத்தின் மேசைக்கு இலங்கையிலிருந்து போன சில கற்கள் வந்து சேர்ந்தன. வைரத்தைப் போல மின்னின, ஆனால் வைரமல்ல. கிளாப்ரோத் ஒரு கல்லைத் தூளாக்கிக் காரத்தோடு சேர்த்து உருக்கினார். சிலிக்கா பிரிந்து போனதும் ஒரு வெண்பொடி மிஞ்சியது. அறிந்த எந்த மண்ணின் குணமும் அதற்கு இருக்கவில்லை. புதிய மூலகம் ஒன்றின் ஒட்சைட்டு அது என்று முடிவு கட்டி, சிர்க்கோனியம் என்று பெயரும் சூட்டினார். அதே ஆண்டில் வேறொரு கனிமத்திலிருந்து யுரேனியத்தையும் அவரே கண்டறிந்தார். யுரேனியம் பின்னாளில் உலகத்தை உலுக்கியது. சிர்க்கோனியமோ கிட்டத்தட்ட இருநூறு ஆண்டுகள் தன் இரகசியத்தைக் கருவுக்குள்ளேயே வைத்திருந்தது. அதைத் திறக்கும் வழி இன்னோர் இலங்கைக் கல்லிலிருந்து தொடங்கவேண்டியிருந்தது.

அந்த இரண்டாவது கல், இலங்கையின் கிழக்கே கல்முனைக் கரையிலிருந்து தென்மேற்கே, மலைநாட்டின் மறுசரிவில், பலாங்கொடைப் பகுதியின் ஆற்றுச் சரளைக்குள் கிடந்தது. மாணிக்கம் தேடி அங்கே சரளை அரிப்பவர்களின் கூடையடியில் சில வேளை கறுப்பு நிறத்தில் சின்னச் சின்னச் சதுரக் கட்டிகள் தங்கும். பருமனுக்குப் பொருந்தாத பாரம். தண்ணீரைவிட ஒன்பது மடங்குக்கும் அதிகமான அடர்த்தி. நீலமும் இல்லை, சிவப்பும் இல்லை, பட்டை தீட்டினாலும் பயனில்லை. 1904 இல் அது இலங்கைக் கனிமவியல் அளவை அலுவலகத்தின் பணிப்பாளருடைய கவனத்துக்கு வந்தது. பணிப்பாளருக்கு இன்னும் முப்பது வயதாகவில்லை. பெயர் ஆனந்த குமாரசுவாமி. சிவ நடனத்தின் தத்துவத்தைப் பிற்காலத்தில் மேல்நாட்டுக்கு விளக்கிய அதே குமாரசுவாமிதான். அன்றைக்கு அவர் கல்லும் சுத்தியலுமாகத் திரிந்த புவிச்சரிதவியலாளர். யுரேனியக் கனிமமான யுரேனினைற்று என்று அவர் அதை முதலில் கருதினார். மாதிரி இலண்டனுக்குப் போனது. இம்பீரியல் நிறுவகத்தில் விண்டம் டன்ஸ்டன் பகுத்துப் பார்த்தபோது உள்ளே நிறைந்திருந்தது யுரேனியமல்ல, தோரியம். கல்லுக்குத் தோரியனைற்று என்ற பெயர் வந்தது. பெயரோடு சேர்ந்து ஒரு வாங்குபவரும் வந்தார்.

வாங்கியவர் இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் சேர் வில்லியம் ராம்சே. அந்த ஆண்டு இலையுதிர் காலத்தில் அவருடைய ஆய்வுகூடத்துக்கு ஜேர்மனியிலிருந்து ஓர் இளைஞர் வந்தார். ஒட்டோ ஹான் என்ற அந்த இரசாயனவியலாளருக்கு ஆராய்ச்சியில் பெரிய நாட்டம் எதுவும் இருக்கவில்லை. ஊரில் ஒரு கம்பனி வேலை தருவதாகச் சொல்லியிருந்தது, அதற்கு ஆங்கிலம் பேசத் தெரிந்திருக்கவேண்டும், அவ்வளவுதான். மொழி படிக்க வந்தவரிடம் ராம்சே இலங்கைத் தோரியனைற்றிலிருந்து பிரித்த நூறு கிராம் பேரியம் உப்பைக் கொடுத்து, அதற்குள் இருக்கும் ரேடியத்தைத் தூய்மைப்படுத்தச் சொன்னார். ரேடியத்தைப் பற்றித் தனக்கு ஒன்றும் தெரியாது என்றார் ஹான். தெரியாதவரே இந்த வேலைக்கு நல்லது என்பது ராம்சேயின் எண்ணம். ஹான் கரைத்தார், படியவைத்தார், மறுபடி கரைத்தார். ரேடியம் கிடைத்தது. கூடவே எதிர்பாராத வேறொன்றும் கிடைத்தது: தோரியத்தைவிடப் பல்லாயிரம் மடங்கு வீரியத்தோடு கதிர்வீசும் ஒரு பொருள்.

1905 இல் ஹான் அதற்கு ரேடியோதோரியம் என்று பெயர் வைத்தார். இன்றைய பெயர் தோரியம் 228. மொன்றியலில் இருந்த பௌதிகவியலாளர் ரதபோட் உடனே நம்பவில்லை. அவருடைய நண்பர் போல்ட்வூட் கடிதத்தில் கேலியே செய்தார். ஹான் கப்பலேறி மொன்றியலுக்கே போய் ரதபோட்டின் கண் முன்னால் பரிசோதனை செய்து காட்டினார். கம்பனி வேலை அத்தோடு கைவிடப்பட்டது. பெர்லினுக்குத் திரும்பிய அவரோடு 1907 இல் பௌதிகவியலாளர் லீசே மைட்னர் வந்து சேர்ந்தார். ரேடியோதோரியம் படிப்படியாகத் தேய்ந்து போகும் வழியில், 1909 அளவில், மூன்றே நிமிட அரை ஆயுள் கொண்ட ஒரு பொருளை இருவரும் தனியே பிரித்தார்கள். இன்று அதைத் தாலியம் 208 என்கிறோம். அது ஈயமாக மாறும் கணத்தில் மிகப் பலம் வாய்ந்த ஒரு காமாக் கதிரை உமிழ்ந்தது. அந்தக் கதிரின் பலம் எவ்வளவு என்று அளந்து சொல்ல மட்டும் அன்று யாரிடமும் கருவி இல்லை.

காமாக் கதிரைப் பாரிசில் விலார்ட் 1900 இல் கண்டிருந்தார். ரதபோட் அதற்கு 1903 இல் பெயர் வைத்தார். காந்தத்துக்கு வளையாது, ஈயத் தகட்டையும் ஊடுருவும். வளையாத ஒன்றை எதைக்கொண்டு அளப்பது? விடைக்கான பாதை ஒரு குதிரை லாயத்துக்குள் தொடங்கியது.

1914 இல் முதலாம் உலகப்போர் வெடித்தபோது ஆங்கிலேயப் பௌதிகவியலாளர் ஜேம்ஸ் சாட்விக் பெர்லினில் ஆய்வு செய்துகொண்டிருந்தார். எதிரி நாட்டவர் என்று பிடித்து, ரூலேபன் குதிரைப் பந்தயத் திடலில் அமைத்த முகாமில் அவரை அடைத்தார்கள். இரண்டு குதிரை நிற்கும் லாய அறையில் ஆறு பேர். எலும்பைத் துளைக்கும் குளிர். அதே முகாமில், விடுமுறைக்கு ஜேர்மனி வந்து அகப்பட்ட பத்தொன்பது வயது இராணுவ மாணவர் சார்ல்ஸ் எல்லிஸும் இருந்தார். மரத்துண்டும் வெள்ளீயத் தாளும் கொண்டு சாட்விக் ஒரு மின்காட்டி செய்தார். கதிர்வீசும் பொருளுக்கு எங்கே போவது? பெர்லின் கடைகளில் அப்போது தோரியம் கலந்த பற்பசை விற்றது, பல்லுக்கு நல்லதென்ற விளம்பரத்தோடு. பற்பசைக் குழாயே ஆய்வுகூடத்தின் மூலப்பொருளானது. நான்கு ஆண்டுகள் கழித்து முகாமின் கதவு திறந்தபோது எல்லிஸ் இராணுவத்தை மறந்துவிட்டிருந்தார்.

கேம்பிரிட்ஜுக்குப் போன எல்லிஸ் ஒரு சுற்றுவழியைப் பிடித்தார். காமாக் கதிர் வளையாவிட்டாலும், அது அடித்து வெளியேற்றும் இலத்திரன் காந்தத்துக்கு வளையும். வளைவை ஒளிப்படத் தட்டில் அளந்தால் இலத்திரனின் சக்தி தெரியும். அந்த இலத்திரனை அணுவிலிருந்து பிடுங்கச் செலவான சக்தியையும் கூட்டினால் காமாவின் சக்தி கைக்கு வரும். 1921 இல் அவர் கூட்டிப் பார்த்த எண்கள் ஏனோதானோ என்று சிதறிக் கிடக்கவில்லை. ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் மூன்றாவது வந்தது. கருவுக்குள் குறிப்பிட்ட சக்திப் படிகள் இருக்கின்றன, மேற்படியிலிருந்து கீழ்ப்படிக்கு இறங்கும்போது உமிழப்படுவதே காமாக் கதிர் என்ற உண்மை அங்கே துலங்கியது. காமா நிறமாலை பிறந்துவிட்டது. ஆனால் பிறந்த பிள்ளைக்குக் கண் இன்னும் திறக்கவில்லை.

ஹானும் மைட்னரும் பிரித்த பொருளின் கதிருக்கும் இப்போது அளவு கிடைத்தது: ஏறத்தாழ 26 இலட்சம் இலத்திரன்வோல்ற்று. இயற்கையில் எளிதாகக் கிடைக்கும் காமாக்களில் அவ்வளவு பலமானது வேறில்லை. 1934 இல் சாட்விக்கும் மோரிஸ் கோல்ட்ஹேபரும் அதையே எடுத்துப் பார ஐதரசனின் கருவை உடைத்தார்கள். உடைக்கத் தேவையான 22 இலட்சத்தை அது தாராளமாகத் தாண்டியிருந்தது. இதற்கிடையில் முதலாவது கல்லும் சும்மா இருக்கவில்லை. 1923 இல் கோப்பன்ஹேகனில், நீல்ஸ் போரின் நிறுவகத்தில், கொஸ்டரும் ஹெவெசியும் சிர்க்கோன் கனிமத்துக்குள் ஒளிந்திருந்த இன்னொரு மூலகத்தைக் கண்டார்கள். ஹஃப்னியம் என்று அதற்குப் பெயர். அதே நிறுவகத்தில் முப்பது ஆண்டுக்குப் பின் போரின் மகன் கையில் அந்த ஹஃப்னியமே ஒரு பெரிய புதிரை அவிழ்க்கப் போகிறது என்பதை அன்று யாரும் நினைத்திருக்க வழியில்லை.

கண் திறந்தது இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு. 1947 இல், இடிபாடாகக் கிடந்த பெர்லினில், ஹார்ட்முட் கல்மான் பூச்சி உருண்டைக்குப் பயன்படும் நப்தலீனைப் பளிங்காக்கிக் காமாவுக்கு முன்னே வைத்தார். ஒவ்வொரு காமாவும் அதற்குள் ஒரு மின்மினி ஒளியை எழுப்பியது. செய்தியறிந்த பிரின்ஸ்டன் பௌதிகவியலாளர் ரொபர்ட் ஹோஃப்ஸ்டாட்டர் இன்னும் பாரமான பொருளைத் தேடினார். 1948 இல், சோடியம் அயடைட்டோடு துளியளவு தாலியம் சேர்த்துச் சிறிய குவாட்ஸ் குழாயில் உருக்கி மூடினார். காற்றின் ஈரம் பட்டால் கெட்டுவிடும் பொருள் அது. குழாய் பளிச்சிட்டது. ஒளியின் அளவே காமாவின் சக்தியைச் சொன்னது. காந்தமும் ஒளிப்படத் தட்டும் மாதக்கணக்கில் செய்த வேலை மணிக்கணக்கில் முடிந்தது. எனினும் அந்தக் கண்ணுக்கு மங்கல் இருந்தது: அருகருகே உள்ள இரண்டு கோடுகளை அது ஒன்றாகவே கண்டது.

அந்த நேரம் பார்த்து, தெளிவான கண்ணைக் கட்டாயமாக்கும் ஒரு யோசனை நியூயோர்க்கில் பிறந்தது. 1949 இன் கடைசியில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சார்ல்ஸ் டவுன்ஸ் ஓர் உரை நிகழ்த்தினார். சில அணுக்கருக்களின் மின்னேற்றம் உருண்டையாகப் பரவியிருக்கவில்லை, உருண்டை என்று வைத்துக் கணித்ததைவிட விலகல் பல மடங்கு அதிகம் என்றார். கேட்டுக்கொண்டிருந்த ஜேம்ஸ் ரெயின்வாட்டருக்கு மனதில் பொறி தட்டியது. கருவின் வெளிப்புறத்தில் சுற்றும் ஒரு துணிக்கை முழுக் கருவையுமே இழுத்துக் கோணலாக்கிவிட்டால்? அந்த ஆண்டு அவருடைய அலுவலக அறையைப் பகிர்ந்துகொண்டிருந்தவர் டென்மார்க்கிலிருந்து வந்த ஆகே போர், நீல்ஸ் போரின் மகன். ஓர் அறையில் இரண்டு மேசை போட்ட தற்செயல் பின்னாளில் நோபல் பரிசு வரை போனது.

கோப்பன்ஹேகனுக்குத் திரும்பிய ஆகே போரும் பென் மொட்டெல்சனும் ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டார்கள். கரு கோணியிருக்கிறதா என்று எப்படிக் கண்டறிவது? வழவழப்பான உருண்டையைச் சுழற்றினால் அது சுழல்கிறதா நிற்கிறதா என்று தெரியாது, பலாக்கொட்டையைச் சுழற்றினால் தெரியும். கருவிலும் அப்படித்தான். உருண்டைக் கருவுக்குச் சுழற்சிப் படிகள் கிடையா. நீண்ட கருவுக்கோ 6, 20, 42, 72 என்ற விகிதத்தில் படிகள் ஏறவேண்டும் என்று கணக்குச் சொன்னது. 1953 இல் அவர்கள் எடுத்துக்காட்டிய கரு ஹஃப்னியம் 180. அதன் காமாக் கோடுகள் ஏறத்தாழ 93, 215, 332, 443 கிலோ இலத்திரன்வோல்ற்று. அடுக்கிப் பார்த்தால் கணக்கோடு பெரிதும் ஒத்துப்போயின. உருத்திரிந்த கரு உண்டு, அதன் உருவத்தைக் காமாக் கோடுகளில் படிக்கலாம் என்பது நிலைநாட்டப்பட்டது. ரெயின்வாட்டர், போர், மொட்டெல்சன் மூவருக்கும் 1975 இல் நோபல் கிடைத்தது. ஆனால் படிக்கவேண்டிய கோடுகள் நூற்றுக்கணக்கில் குவியத் தொடங்கின. மங்கல் கண் தடுமாறியது.

1963 இல் கனடாவின் சோக் றிவர் ஆய்வுகூடத்தில் தவெண்டேலும் யூவனும் ஜேர்மானியம் என்ற மூலகத்தின் பளிங்குக்குள் இலிதியத்தைச் செலுத்திக் கருவி செய்தார்கள். சோடியம் அயடைட்டு நாற்பது, ஐம்பது கிலோ இலத்திரன்வோல்ற்று அலகு அகலத்துக்கு அப்பிக் காட்டிய கோட்டை ஜேர்மானியம் சில அலகுக்குள் கூர்மையாக வரைந்தது. ஒரே மேடு என்று நினைத்திருந்த இடங்களில் பல கோடுகள் தனித்தனியே நிமிர்ந்தன. அந்தக் கூர்மைக்கு விலை கடுமை. பளிங்கைத் திரவ நைதரசனின் குளிரில், பூச்சியத்துக்குக் கீழே 196 பாகையில், வேலை செய்யாத நாளிலும் வைத்திருக்கவேண்டும். ஒரு வார இறுதியில் யாராவது நைதரசன் ஊற்ற மறந்தால் உள்ளே இலிதியம் நகர்ந்துவிடும், கருவி பாழ். அந்தத் தலையிடியைத் தீர்க்க, இலிதியமே தேவைப்படாத அளவுக்கு ஜேர்மானியத்தைச் சுத்தமாக்கவேண்டும். எவ்வளவு சுத்தம்? ஓர் இலட்சம் கோடி அணுவுக்கு ஓர் அழுக்கு அணு என்ற அளவில். 1970 களில் அதையும் சாதித்தார்கள்.

இப்போது கூர்மையான கண் இருந்தது, பார்க்கவேண்டிய அபூர்வக் கருவும் தயாராக இருந்தது. இங்கிலாந்தின் டேர்ஸ்பரி ஆர்முடுக்கிக் கூடத்தில் ஜேர்மானியப் பளிங்குகளைச் சுற்றி பிஸ்மத் ஜேர்மனேற்றுக் கவசம் அமைத்தார்கள். பளிங்கிலிருந்து ஒரு பகுதிச் சக்தியோடு தப்பியோடும் காமாவைக் கவசம் பிடித்துக் கொடுத்துவிடும், அந்தப் பதிவு கணக்கிலிருந்து நீக்கப்படும். 1986 இல் பீட்டர் ட்வின் குழு டிஸ்புரோசியம் 152 கருவில் 47 அலகுச் சீரான இடைவெளியில் 19 கோடுகளைக் கண்டது. அகலத்தைப் போல இரண்டு மடங்கு நீளமான கரு அசுர வேகத்தில் சுழன்றுகொண்டிருந்தது. உலகப் பௌதிகவியலாளர்கள் வியப்பில் ஆழ்ந்திருந்தபோது அதே கூடத்தில் லிஸ்டர் குழு வேறொரு கருவைக் குறிவைத்திருந்தது: கிளாப்ரோத்தின் சிர்க்கோனியம்.

இயற்கையில் பெரும்பான்மையாக உள்ள சிர்க்கோனியம் 90 இன் கருவில் 40 புரோத்தன், 50 நியூத்திரன். அது உருண்டை, அசைக்க முடியாத உருண்டை. லிஸ்டர் குழு தேடியது சிர்க்கோனியம் 80. அதே 40 புரோத்தனுக்கு 40 நியூத்திரன் மட்டும். பத்து நியூத்திரன் குறைந்ததால் புரோத்தன் மிகுந்து தத்தளிக்கும் கரு, சில விநாடிகளில் மறைந்துபோவது. பூமியில் எந்தக் கல்லிலும் அது கிடையாது. நிக்கல் 58 கருவையும் மக்னீசியம் 24 கருவையும் மோதவைத்து, சேர்ந்த கருவிலிருந்து இரண்டு நியூத்திரன் மட்டும் ஆவியாகிப் போகும் அபூர்வத் தருணத்துக்குக் காத்திருக்கவேண்டும். பெரும்பாலான மோதல்களில் வேறு கருக்களே பிறந்தன. அவற்றையெல்லாம் பிரிகருவி ஒன்று சலித்துக் கழித்தது. 40 என்ற எண் கருவை ஓரளவு உருண்டையாகப் பிடித்துவைக்கும் எண். புரோத்தனும் 40, நியூத்திரனும் 40 என்றால் உருண்டைதானே கிடைக்கவேண்டும்?

1987 இல் விடை வந்தது. உருண்டையான சிர்க்கோனியம் 90 இல் அதே வகை முதற்படி 2,186 அலகு உயரத்தில் இருக்கிறது. சிர்க்கோனியம் 80 இலோ வெறும் 290. அவ்வளவு சொற்பச் சக்தியில் சுழலும் கரு உருண்டையாக இருக்கவே முடியாது. அகலத்தைவிட ஏறத்தாழ நாற்பது வீதம் நீண்டு, தன் நிறையுள்ள கருக்களிலேயே மிகவும் உருத்திரிந்தவற்றுள் ஒன்றாக அது நின்றது. இலங்கைக் கல்லிலிருந்து வெளிப்பட்ட மூலகம் தன் இரகசியத்தை 198 ஆண்டுகள் கழித்துச் சொன்னது. சொல்லவைத்த கூடமோ சில ஆண்டுகளே தாக்குப்பிடித்தது, 1993 இல் பணமில்லாமல் மூடப்பட்டது.

கருவிகளின் பயணம் நிற்கவில்லை. அமெரிக்காவில் நூற்றுக்கும் மேற்பட்ட ஜேர்மானியப் பளிங்குகளைக் கோளமாக அடுக்கிய காமாஸ்பியர் எழுந்தது. இந்தியாவில் அவ்வளவு பணம் எந்த ஒரு நிறுவனத்திடமும் இருக்கவில்லை. இருந்ததை எல்லோரும் கூட்டுக்குப் போட்டார்கள். நான்கு பளிங்குகளை ஒன்றாகக் கோத்த குளோவர் கருவிகளின் அணி ஒன்று பிறந்தது. மும்பை, டெல்லி, கொல்கத்தா ஆர்முடுக்கிகளுக்கு இடையே அது முறைவைத்துப் பயணம் செய்கிறது. கோணிய கருக்களைத் தேடும் இந்த ஜேர்மானியக் கண் பரிசோதனைக்கூடத்துக்கு வெளியிலும் ஒரு வேலையை ஏற்றுக்கொண்டது. அதற்குக் காரணம் ஒரு பெருவிபத்து.

1986 ஏப்ரல் 26 அன்று செர்னோபில் அணு உலை வெடித்தது. ஐரோப்பியப் புல்வெளிகளில் சீசியம் 137 படிந்தது, புல்லை மாடு தின்றது, மாட்டின் பாலுக்குள் சீசியம் போனது. நிறம் மாறாது, மணம் மாறாது, சுவையும் மாறாது. காட்டிக்கொடுக்கக்கூடியது 662 கிலோ இலத்திரன்வோல்ற்றில் நிமிரும் ஒரே ஒரு காமாக் கோடு. பால்மாவுக்கு வெளிநாட்டையே பெரிதும் நம்பியிருந்த இலங்கைக்கு அது சின்ன விசயமல்ல. இறக்குமதியாகும் பால்மாவின் மாதிரிகளைக் கதிர்த்தொழிற்பாட்டுக்காகச் சோதிக்கும் நடைமுறை இங்கேயும் வந்தது. கல்முனைச் சந்தைக் கடையில் தட்டு நிறைய அடுக்கியிருக்கும் பால்மாப் பைக்கு ஒரு பூர்வீகம் உண்டென்றால் அது பண்ணையில் மட்டும் இல்லை. ரூலேபன் லாயத்தின் பற்பசையிலும், ஹோஃப்ஸ்டாட்டரின் குவாட்ஸ் குழாயிலும், நைதரசனில் நனைந்த ஜேர்மானியத்திலும் இருக்கிறது. வீட்டில் பிள்ளைக்குக் கரைத்துக் கொடுக்கும் பாலுக்குக் காவல் நிற்பது, கோணிய கருவின் உருவத்தைப் படித்த அதே கண்.

குமாரசுவாமியின் கல் என்னவாயிற்று? தாலியம் 208 இன் கதிரை இன்று 2,614.5 கிலோ இலத்திரன்வோல்ற்று என்று துல்லியமாக அளந்து வைத்திருக்கிறார்கள். அதைப் பாடும் ஈயம் 208, 82 புரோத்தனும் 126 நியூத்திரனும் கொண்ட, கிட்டத்தட்ட உருண்டையான கரு. காமாக் கருவிகளின் அளவுகோலைச் சரிபார்க்க ரேடியோதோரியத்தின் இந்தக் கோடு இன்றும் பயன்படுகிறது. உருண்டைக் கரு, கோணிய கருக்களை அளக்க உதவுகிறது. தோரியம் கொஞ்சமாவது இல்லாத மண் அரிது என்பதால், உலகத்தில் எந்த ஆய்வுகூடத்தில் ஜேர்மானியக் கருவியை இயக்கினாலும் சுவரிலிருந்தும் தரையிலிருந்தும் அதே கோடு எழுந்து வருகிறது.

இரண்டு கற்களும் இந்தத் தீவிலிருந்து போயின. கல்லோடு விஞ்ஞானமும் போனது. கிழக்குக் கரையில் புல்மோட்டையின் தாதுமணலில் சிர்க்கோனும் இருக்கிறது, தோரியம் கொண்ட மொனசைற்றும் இருக்கிறது. மணல் கப்பலேறுவதே இன்னும் பெரும்பாலான கதை. கல்முனைக்கு அருகே சம்மாந்துறையில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பிரயோக விஞ்ஞான பீடம் நடக்கிறது. கோணிய கருவை உண்டாக்கப் பெரிய ஆர்முடுக்கி வேண்டும், உண்மைதான். ஆனால் கடற்கரை மணலை ஒரு சாடியில் அடைத்துக் கருவிக்கு முன்னே வைக்க அது தேவையில்லை. அப்படி வைக்கும் மாணவருக்கு 1,460.8 இல் பொற்றாசியம் தெரியும், 2,614.5 இல் தோரியம் தெரியும். பலாங்கொடைக் கல்லைக் கரைத்து ஹான் தொடங்கிய ஆராய்ச்சியை இந்தக் கரையின் பிள்ளைகள் தங்கள் கரையின் மணலிலிருந்தே தொடர முடியும். அதற்கு வேண்டியது ஒரு பளிங்கும், அதை இயக்கப் பழக்கும் ஆசிரியரும், இந்தக் கதையில் தமக்கும் பங்குண்டு என்ற அறிவும்.